கோஸ் பாசியில் இருந்தவள்

டாமரேக் ஏரியில் மஸ்கி மீன் பிடிக்கிறவர்கள் மற்ற எல்லா விஷயத்திலும் யோக்கியர்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவார்கள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார்கள். மீனை எந்த இடத்தில் பார்த்தாய் என்று கேட்டால் மட்டும் பெற்ற தாயிடமும் பொய் சொல்வார்கள். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்டவரும் நேற்றுப் பொய் சொன்னவர்தானே.

ஆர்விட் டெஸ்மர் இந்த வழக்கத்தைக் கட்டிய மனைவி வரைக்கும் கொண்டுபோனவர். வீடுவீடாகப் போய் எரிவாயு நிரப்பும் லாரி ஓட்டுவது அவர் பிழைப்பு. சாயங்காலம் ஆனால் படகை எடுத்துவிடுவார். எங்கே போகிறாய் என்று லோர்னா கேட்டால், வடக்கு மூலை அல்லிக்கு என்பார். பதினோரு வருஷமாக அதே பதில்தான்.

அவர் போனதெல்லாம் பழைய ஐஸ் கொட்டகைக்கு எதிரே இருந்த கோஸ் பாசிக்கு. இலை அகலமாக, முட்டைக்கோஸ் கணக்காக இருப்பதால் அந்தப் பெயர். அதற்குள் ஒரு பெண் மஸ்கி இருந்தது. நீளம் மட்டும் நாலடிக்கு மேல். நாலு தடவை தூண்டிலைத் துரத்திக்கொண்டு படகு வரைக்கும் வந்திருக்கிறது. மஸ்கியின் குணமே அதுதான், கடைசி வரைக்கும் வந்துவிட்டு அப்புறம் யோசிக்கும். அதற்காகவே ஒவ்வொரு வீச்சு முடிந்ததும் தூண்டில் கம்பு நுனியால் தண்ணீரில் எட்டாம் எண் மாதிரி வளைத்து அதற்கு ஆசை காட்டுவார்கள், எட்டுப் போடுவது என்று அதற்குப் பெயர். ஆர்விட்டும் போட்டார். அது எட்டைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, கீழே போய்விட்டது. அன்றைக்கெல்லாம் அவருக்குச் சோறே இறங்கவில்லை.

அந்த ஜூலையில் ஏரிச் சங்கம் பாசி வெட்டும் இயந்திரத்தை மூன்று நாளுக்கு வரவழைத்தது. மூன்று நாளில் ஒரு இடம்தான் ஆகும். வடக்கு மூலை அல்லியா, ஐஸ் கொட்டகைக் கோஸா என்று முடிவு செய்யக் கூட்டம் போட்டார்கள். லோர்னாதான் சங்கச் செயலாளர். அவள் எழுந்து, அல்லியைத் தொடாதீர்கள், என் புருஷன் பதினோரு வருஷமாகத் தவம் கிடக்கிற மீன் அங்கேதான் இருக்கிறது என்று கால் மணி நேரம் மன்றாடினாள். எல்லாருக்கும் மனசு இளகிவிட்டது. கோஸையே வெட்டிவிடலாம் என்று கை தூக்கத் தயாரானார்கள்.

ஆர்விட் நன்றாக மாட்டிக்கொண்டார். வாயைத் திறந்தால் இடம் போச்சு. பின் வரிசையில் டுவேன் க்ரோலிக் உட்கார்ந்திருந்தார், மஸ்கி விஷயத்தில் ஆர்விட்டுக்கு முப்பது வருஷப் போட்டியாளர். திறக்காவிட்டால் மீனே போச்சு. இதற்கு நடுவில் லோர்னா வேறு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆர்விட் எழுந்தார். "அல்லியை வெட்டிக்கோங்க. என் மீன் கோஸ்ல இருக்கு, ஐஸ் கொட்டகைக்கு எதிர்ல. அல்லிப் பக்கம் நான் போனதே இல்ல."

மஸ்கி பிடிக்கிற ஒருவர் இடத்தைச் சொல்லி அந்தக் கூடம் கேட்டதில்லை. டுவேன் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தார்.

லோர்னா பேனாவை மூடினாள். "நாலு வருஷத்துக்கு முன்னாடி நம்ம கல்யாண நாளு. சாஸேஜ் வறுத்து எடுத்துக்கிட்டு, பக்கத்து வீட்டுப் படகுல அல்லிக்கு வந்தேன். நீ அங்க இல்ல. எவளோ ஒருத்தி இருக்கான்னு நெனச்சுக்கிட்டேன்."

"மீன்தான், லோர்னா."

"நீ அல்லிக்குத்தான் போறேன்னு இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிப் பாத்தேன். அப்படியாவது நிஜமாயிடாதான்னு."

ஆர்விட்டுக்கு அவமானத்தில் காது சுட்டது. லோர்னா உட்கார்ந்து, அல்லியை வெட்டுவதென்று தீர்மானம் எழுதினாள். அவள் கையெழுத்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஆர்விட் படகுத்துறைக்குப் போனபோது, லோர்னா பிளாஸ்க்கோடு படகின் முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள். யாருக்காக நாலு வருஷம் தூக்கம் கெட்டேன் என்று பார்க்க வேண்டும் என்றாள். அவர் மோட்டாரைக் கிளப்பினார்.

கோஸ் பாசியில் ஏழு படகு நின்றது. டுவேன் நட்டநடுவில். ஏழு பேரும் மும்முரமாக எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்விட்டுக்கு ஓரத்தில்கூட இடம் கிடைக்கவில்லை.

"இவ்வளவு கூட்டம் வந்தா அவ எங்க போவா?" என்று கேட்டாள் லோர்னா. அவளுக்கு மெதுவாகப் பேச வராது. ஏழு கம்பும் அப்படியே நின்றது.

ஆர்விட் தாடையைச் சொறிந்தார். "கிழக்குக் கோரைக்குத்தான். வேற எங்க போவா," என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

நேற்று ஊர் அறிய உண்மை சொன்ன மனுஷன் ஆயிற்றே. முதலில் டுவேன் நங்கூரத்தைத் தூக்கினார். மற்ற ஆறு பேரும் அவசரமே இல்லாதவர்கள் மாதிரி ஒருவர் பின் ஒருவராகக் கிழக்கே போனார்கள்.

கடைசி மோட்டார் சத்தமும் அடங்கும்வரை ஆர்விட் காத்திருந்தார். அப்புறம் முன்னால் குனிந்து, லோர்னாவின் காதோரமாகச் சொன்னார். "கோரையில ஒண்ணும் இல்ல. கோஸ் முடிஞ்சு ஆழம் ஆரம்பிக்கிற இடத்துல, நரிவால் மாதிரி கொத்துக் கொத்தா ஒரு பாசி இருக்கு. அதுக்குள்ளதான் ஒதுங்கியிருப்பா."

லோர்னா திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். நிஜமா என்று கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை.

"அப்ப என்னைய அங்க கூட்டிட்டுப் போ," என்றாள்.