பின் சீட்டுத் தூக்கம்

என் வீட்டுக்காரர் முத்துப்பாண்டிக்கு அவருடைய காரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. என்னைச் சொல்லலாம், என் சமையலைச் சொல்லலாம், என் அண்ணன் தம்பிகளை வரிசையாக நிற்க வைத்து வாய்க்கு வந்ததைப் பேசலாம். கார் மட்டும் சாமி. பதினைந்து வருஷம் ஓடிய பெட்ரோல் கார், மூன்றாவது ஓனர் நாங்கள். பின்பக்கக் கண்ணாடி இரண்டும் இறங்காது. அதைச் சொன்னால், "தூசி வராதுல்ல, நல்லதுதானே?" என்பார்.

போன வருஷம் வண்டி இழுக்க மாட்டேன் என்றது. செக்கானூரணியில் மெக்கானிக் சுருளியின் ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தவன், சைலன்சருக்கு முன்னால் புகையைச் சுத்தம் பண்ணுகிற டப்பா அடைத்துக்கொண்டது என்றான்.

"உள்ள தேன்கூடு மாதிரி இருக்கும்ண்ணே. புதுசு போட்டா கார் வெலையில பாதி வந்துரும். தட்டி உதுத்துட்டு வெறும் டப்பாவ மாட்டி விடுறேன். வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்."

"அப்பப் புகை?" என்றேன்.

"நம்ம முன்னாடி போறோம் மதினி, அது பின்னாடி போகுது. நமக்கென்ன?"

வண்டி பிய்த்துக்கொண்டுதான் போனது. இவரும் ஒரு மாதம் தரையில் நடக்கவில்லை.

அப்புறம் பதினைந்து வருஷம் முடிந்து, ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்தது. தேன்கூடு இல்லாத வண்டி புகை டெஸ்டில் நிற்காது. அதற்கும் சுருளி வழி வைத்திருந்தான். அவன் ஷெட்டில் ஒரே ஒரு நல்ல சைலன்சர், எல்லா உறுப்போடும், துடைத்து வைத்தது போல இருக்கும். காட்டப் போகிற வண்டிக்கெல்லாம் அன்றைக்கு மட்டும் அதைத்தான் மாட்டுவான். அதற்கு அவர்கள் வைத்திருந்த பேர் 'மாப்ள'. ஒரு நாள் ஜோடித்துக்கொண்டு வந்து, மரியாதையை வாங்கிக்கொண்டு, மறுநாள் கிளம்பிவிடுமாம். கேட்டதும் நானும்தான் சிரித்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்தார், பாஸ் என்றார். மாப்ளயைக் கழற்றிவிட்டு, எங்கள் வெறும் டப்பாவைப் பழைய போல்ட்டு போட்டே திரும்ப முறுக்கி அனுப்பினான் சுருளி. இவர் கடைவீதி முழுக்க மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிறந்தபோதுகூட இவ்வளவு கொடுத்த மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை.

எங்கள் மகள் ஆர்த்திகா எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் கோரிப்பாளையத்துக்குப் பக்கம். எனக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் வேலை, விடியும் முன்பே முதல் பஸ்ஸுக்கு ஓடிவிடுவேன். அதனால் காலையில் அவளைக் காரில் கொண்டுபோய் விடுவது அவர் பொறுப்பு. முன் சீட்டில் சாப்பாட்டுக் கூடையும் பையும் இருக்கும், அவள் பின்னால் இருப்பாள்.

"நம்ம வண்டி தொட்டில் மாதிரிடி. காளவாசல் தாண்டுறதுக்குள்ள கண்ணு சொருகிரும் பிள்ளைக்கு" என்று சாயங்காலம் வந்து பெருமை அடிப்பார். எனக்கும் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாளில் டீச்சரிடமிருந்து போன் வந்தது. முதல் பீரியடில் தினமும் தூங்குகிறாளாம், எழுப்பினால் திருதிருவென்று முழிக்கிறாளாம், கணக்கில் பெயிலாம். வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருகிற பிள்ளை. இவர் கையில் கிடைத்த ஸ்கேலை எடுத்தார். ராத்திரி போன் பார்க்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். "சோம்பேறி நாயே, உனக்காகத்தான்டி விடிஞ்சும் விடியாம வண்டிய எடுக்குறேன்" என்று அடித்தார். முதல் நாள் அவள் எதிர்த்துப் பேசினாள், நேரத்தோடுதான் படுக்கிறேன் என்று அழுதாள். அப்புறம் அதுவும் நின்றுபோனது. அடித்தால் வாங்கிக்கொண்டாள், திட்டினால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். அது எனக்கு அடியைவிடப் பயமாக இருந்தது.

மார்கழியில் கல்யாண முகூர்த்தம் இல்லாததால் கடையில் லீவு கிடைத்தது. ஒரு நாள் நானும் அவளோடு பின் சீட்டில் ஏறினேன். பனிக்காலம், காருக்குள் கதகதப்பு. அவர் வழக்கம்போல் தன் பக்கக் கண்ணாடியை மட்டும் இறக்கி, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு ஓட்டினார். நாகமலை தாண்டும்போதே எனக்கு மண்டை விண்விண்ணென்று தெறித்தது. ஆர்த்திகா என் தோளில் சாய்ந்திருந்தாள். கூப்பிட்டால் "ம்" என்கிறாள், கண்ணைத் திறக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் இறங்கியவள் கால் பின்ன நடந்து போனாள்.

பூட்டிய காருக்குள் ஏ.சி. போட்டுத் தூங்கினவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்று பேப்பரில் படித்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் பின் சீட்டுக்குக் கீழே கால்மிதியைத் தூக்கிப் பார்த்தேன். தகரம் துருப்பிடித்து ஓட்டை. உள்ளே விட்ட விரல் கரியாக வந்தது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தால், டப்பாவைக் கழற்றி மாட்டின இடத்தில் வெடிப்பு, சுற்றிலும் கறுப்பு. புகை நேராகப் பின் சீட்டுக்குள்தான் ஏறியிருக்கிறது.

சுருளிக்குப் போன் போட்டேன். "பிரேக் இன்ஸ்பெக்டரே பாத்துப் பாஸ் பண்ணுன வண்டி மதினி, அவரவிடவா நீங்க கண்டுட்டீக?" என்றான். பாஸானது அவன் மாப்ள, எங்கள் வண்டி இல்லை என்று கத்தினேன். போனை வைத்துவிட்டான். இவரோ, "உனக்குக் காரே ஒத்துக்காது. பஸ்ஸுலயே போய்ப் பழகுன ஒடம்பு" என்றார்.

மறுநாள் பிள்ளையைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். அவருக்கு வந்ததே கோபம்.

"பாஸான வண்டி வாசல்ல நிக்கிது, பஸ்ஸுல அனுப்பிருக்க. ஊர்ல எம்புட்டுப் பேச்சு வரும்?"

"நீங்க வேலைக்குக் கெளம்பணும்ல? அதே வழியில நான் ஓட்டிட்டு வாரேன். நீங்க அவ எடத்துல உக்காருங்க."

"உக்காந்தா?"

"உக்காந்து பாருங்க. ஒண்ணும் ஆகலைன்னா நாளையிலருந்து நான் வாயே தொறக்கல."

எனக்குக் கார் ஓட்டப் பழக்கியவன் என் தம்பி. சிரித்துக்கொண்டே ஏறினார். என் பக்கக் கண்ணாடியை மட்டும் அவரைப் போலவே இறக்கிவிட்டேன். நாகமலை வரைக்கும் என் கிளட்சைக் குறை சொன்னார், என் பிரேக்கைக் குறை சொன்னார். காளவாசலில் என் தம்பியைக் குறை சொன்னார். அதற்கப்புறம் பேச்சு இழுக்க ஆரம்பித்தது. பாலம் ஏறும்போது, "தல வலிக்கிது, ராத்திரி தூக்கம் பத்தல போல" என்றார். விடிய விடியக் குறட்டை விட்ட மனுஷன். "எறங்குறீகளா?" என்றேன். "ஓட்டு ஓட்டு" என்று கையை ஆட்டினார்.

கோரிப்பாளையம் சிக்னலில் வண்டி நகரவில்லை. முன்னால் பஸ், பக்கத்தில் ஆட்டோ, பின்னால் ஹாரன். கண்ணாடியில் பார்த்தேன். தலை ஜன்னலில் சாய்ந்து, வாய் திறந்திருந்தது.

"என்னங்க."

கையைப் பின்னால் நீட்டி அவர் முழங்காலைத் தட்டினேன்.

"ஏங்க, பேசுங்க!"

கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது. எனக்கு உயிர் போய்விட்டது. சவாலாவது மண்ணாவது, என்ன வேலை பார்த்துவிட்டேன். இன்ஜினை அணைத்துவிட்டு நடுரோட்டில் இறங்கி, பின் கதவைத் திறந்து, சட்டையைப் பிடித்து இழுத்தேன். ஆட்டோக்காரர் ஒருவர் கை கொடுக்க, ஓரத்து டீக்கடை வரைக்கும் இழுத்துப் போனோம். கடைக்கார பாய் தண்ணீர் கொண்டு வந்தார். மூஞ்சியில் அடித்ததும் இவர் கண்ணைத் திறந்தார், உடனே குபுக்கென்று வாந்தி எடுத்தார். யாரோ, "காலங்காத்தாலயேவா?" என்று சொல்லிக்கொண்டு போனான்.

பாயும் ஆட்டோக்காரரும் காரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால் இவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். காற்றில் இருக்க இருக்க முகத்துக்கு ரத்தம் வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு காரைப் பார்த்தார்.

"எம்புட்டு நாளா?"

"வண்டி பாஸான நாள்லருந்து."

அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. எந்த நாள் என்ன சொன்னார், எந்த நாள் எங்கே அடித்தார் என்று ஒவ்வொன்றாக வந்திருக்கும். உதடு கோணியது. என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டார்.

"ரோகிணி, பிள்ளைட்டச் சொல்லிராத. வண்டிய இன்னைக்கே தள்ளி விட்டுர்றேன். அவட்ட மட்டும் சொல்லாத."

பாவமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. ஆனாலும் முந்தானையை உருவிக்கொண்டேன்.

"சொல்லத்தான் போறேன். நீங்க சொன்னத நம்பி, தன்னத்தானே சோம்பேறின்னு நெனச்சுக்கிட்டுத் திரியிறா அவ."

பாயிடம் அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தேன். முதல் பீரியடு முடிந்திருக்காது. இன்றைக்கு விழித்துத்தான் இருப்பாள்.