சுருண்டு படுத்தவன்

வேலை போனதிலிருந்து நான் அக்கா வீட்டு சோபாவில்தான் கிடந்தேன். முகத்தில் காடாகத் தாடி. கையில் காசில்லாவிட்டாலும் மூக்குக்கு மேல் வரும் கோபம் மட்டும் குறையவில்லை.

அன்று காலை, பால்கனியில் அக்கா மாமாவிடம் சொல்வது காதில் விழுந்தது.

"வந்தப்ப நூல் மாதிரி இருந்தான். தின்னு தின்னு எப்படிக் கொழுத்துட்டான் பாருங்க! உடம்பெல்லாம் முடி வேற. இப்ப சுருண்டு படுத்தவன் அசையவே மாட்டேங்கறான்."

"தூக்கி வெளிய போட்டுடட்டுமா?" என்றார் மாமா.

எனக்குச் சுருக்கென்றது. துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன்.

"யாரும் தூக்கிப் போட வேணாம். நானே போறேன்!"

இருவரும் திரும்பினார்கள். அக்காவின் கையில் ரோஜாத் தொட்டி இருந்தது. பாதி இலைகள் சல்லடையாகியிருந்தன. மீதியில் இரண்டை இழுத்து ஒட்டி, தன் முடியையே கலந்து பின்னிய கூட்டுக்குள் ஒரு கம்பளிப்பூச்சி படுத்திருந்தது.

மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

"இவனையே நான் தூக்கிப் போட விடமாட்டேன்டா. இறக்கை முளைச்சா தானா பறந்துடுவான். பறக்க ஆரம்பிச்சிட்டா ஒரு வாய் சாப்பிட மாட்டான். திங்கறதெல்லாம் அதுக்கு முன்னாடிதான். அதான் இவ்வளவு நாளும் திங்கட்டும்னு விட்டேன்."

என் பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"தட்டு வெச்சிருக்கேன், வா."

"இதோ வரேன்க்கா" என்று சொல்லிவிட்டு, முதலில் சவரக்கத்தியைத் தேடிப் போனேன்.