கூட்டேரிப்பட்டைத் தாண்டி ஒரு சத்தம்

புனிதா அந்தக் காரை வாங்கிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. பாண்டிச்சேரிக்காரர் ஒருவர் ஆசையாக வைத்திருந்து விற்ற ஸ்போர்ட்ஸ் கார். மஞ்சள் நிறம், இரண்டே இருக்கை, தரையை ஒட்டிய உடம்பு. இத்தனை மாதத்தில் அவள் ஓட்டியது முந்நூறு கிலோமீட்டர்கூட இருக்காது.

விழுப்புரத்தில் நான்கு ஆஸ்பத்திரிகளுக்கு அவள்தான் மயக்க மருத்துவர். காலை ஏழு மணிக்கு ஒரு ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்தால் மாலையில் வேறொன்றிலிருந்து வெளியே வருவாள். கார் ஷெட்டில் உறை போர்த்தியபடி நின்றது. பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, பத்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பாள்.

"வாங்குனது நீ. அனுபவிக்கிறது பூனை" என்பான் கணவன் கோபி. உறையின்மேல் ஒரு தெருப்பூனை தினமும் படுத்துத் தூங்கியது.

உண்மையில் நேரமின்மை மட்டும் காரணமில்லை. அவளுக்கு அந்த வண்டியிடம் பயம் இருந்தது. ஆக்ஸிலரேட்டரில் காலை லேசாக வைத்தாலே முதுகைப் பிடித்து இருக்கையோடு தள்ளும். எண்பதைத் தாண்டி அவள் போனதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்த ஆபரேஷனும் இல்லை. அவசரம் என்றால் பார்த்துக்கொள்கிறேன் என்று இன்னொரு மயக்க மருத்துவர் சொல்லியிருந்தார். மூன்று மணிக்குக் கிளம்பினாள். ஹைவேயில் நிதானமாக ஓட்டிக்கொண்டு திண்டிவனம் வரை போய், ஒரு கடையில் காபி குடித்தாள். கண்ணாடி வழியாகக் காரைப் பார்த்தபோது, இது என்னுடையது என்று முதல்முறையாகத் தோன்றியது.

நான்கு மணி பத்து நிமிடத்துக்குப் போன் வந்தது. மகப்பேறு மருத்துவர் முஹ்சினா.

"புனிதா, எங்க இருக்க? டெலிவரி ஆயிடுச்சு, நஞ்சுக்கொடி முழுசா வரல. ரத்தம் நிக்க மாட்டேங்குது. உடனே தியேட்டருக்குள்ள எடுக்கணும்."

"எனக்குப் பதிலா பாத்துக்கறேன்னாரே, அவருக்குப் போன் பண்ணியா?"

"பண்ணிட்டேன். சொந்தத்துல சாவுன்னு திருவண்ணாமலை போயிருக்காராம். வேற யாரும் கிடைக்கல. உன்னால எவ்ளோ நேரத்துல வர முடியும்?"

"திண்டிவனத்துல இருக்கேன்" என்றாள் புனிதா.

"ஜல்தியா வா" என்றாள் முஹ்சினா. "பொண்ணுக்கு இருபத்திரண்டு வயசுதான்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருந்தது. இன்ஜின் சத்தம் காதை அடைத்தது. முன்னால் போன பஸ்கள் பின்னால் நகர்ந்தன. கை வியர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. நூறைத் தாண்டியதா, நூற்றைம்பதைத் தாண்டியதா, தெரியாது. மீட்டரைப் பார்க்கப் பயமாக இருந்தது.

கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் ஒரு லாரி வலது ஓரத்திலேயே போய்க்கொண்டிருந்தது. ஹாரன் அடித்தும் விலகவில்லை. இடது பக்கமாக ஏறினாள். லாரியைக் கடக்கும் நொடியில் 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஏதோ பழுப்பாக ஜன்னலை உரசிப் போனது. திரும்பிப் பார்க்க இடது கண்ணாடியைத் தேடினாள். கண்ணாடி இருந்த இடத்தில் இரண்டு ஒயர்கள் ஆடிக்கொண்டிருந்தன.

கால் பிரேக்கைத் தொட்டது. பிறகு எடுத்துவிட்டாள்.

கல்லாக இருக்கும், எதிலோ பட்டிருக்கும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போனாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தியேட்டர் வாசலிலேயே நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பெண்ணின் உதடு வெளுத்திருந்தது. புனிதா கை கழுவினாள், மருந்து ஏற்றினாள், மூச்சைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டாள். ஒன்றரை மணி நேரம் கழித்து ரத்தம் நின்றது. நாடி மெல்ல மெல்லத் தேறியது.

"பறந்து வந்து காப்பாத்திட்ட" என்று முஹ்சினா அவள் தோளைப் பிடித்தாள். அப்போதுதான் புனிதாவுக்கு அந்த 'டப்' சத்தம் நினைவுக்கு வந்தது.

வெளியே வந்து காரின் இடது பக்கத்தைப் பார்த்தாள். கதவில் நீளமாக ஒரு கீறல். கைப்பிடி இடுக்கில் சாக்கு நார் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரு மல்லாட்டை, தோல் உரிக்காத வேர்க்கடலை. சாக்கு தானாக ரோட்டில் நிற்காது. அதை யாரோ ஒருவர் கொண்டு போயிருக்க வேண்டும்.

முஹ்சினாவிடம் சொன்னாள். அவள் முகம் மாறியது.

"இப்ப தனியா அங்க போவாத. கூட்டம் இருந்தா அடிச்சிடுவாங்க. காலையில விசாரிக்கலாம்."

"காலையில வரைக்கும் அவரு ரோட்டுல கிடந்தா?"

அந்தக் காரிலேயே கிளம்பினாள். இந்தமுறை மீட்டர் முள் நாற்பதைத் தாண்டவில்லை. பின்னால் வந்த எல்லா வண்டிகளும் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போயின. எதிர்த் திசையில் ஆம்புலன்ஸ் ஒன்று போனபோது உள்ளே அவரா என்று எட்டிப் பார்த்தாள். செத்திருந்தால் என்ன செய்வேன்? யாரிடம் என்ன சொல்வேன்? ஒவ்வொரு மைல் கல்லிலும் திரும்பிவிடலாம் என்று தோன்றியது.

கூட்டேரிப்பட்டில் எதிர்ப்பக்க ரோட்டுக்குத் திரும்பி அந்த இடத்துக்கு வந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ரோட்டோரத்தில் மல்லாட்டை சிதறி, டயர்கள் ஏறி நொறுங்கிக் கிடந்தது. ரத்தம் இருக்கிறதா என்று தேடினாள். தெரியவில்லை. சற்றுத் தள்ளி ஒரு டீக்கடை. கடைக்கு முன்னால் பத்துப் பேர் நின்றார்கள். மஞ்சள் காரைப் பார்த்ததும் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"இந்தக் காருதாண்டா!"

கதவைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை. பிறகு திறந்தாள்.

"நான்தான் இடிச்சேன்" என்றாள். "அவரு எங்க?"

கூட்டம் விலகியது. உள்ளே பெஞ்சில் ஐம்பது வயது மனிதர் உட்கார்ந்திருந்தார். வலது கையைத் துண்டால் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார்கள். பக்கத்தில், சேதி கேட்டு வந்திருந்த அவர் மனைவி. பெயர் சீனுவாசன், மனைவி சின்னபொண்ணு என்று பிறகு தெரிந்தது. மொபட்டின் பின்னால் மூட்டை கட்டிக்கொண்டு திண்டிவனத்திலிருந்து வந்துகொண்டிருந்திருக்கிறார்.

உயிரோடு இருக்கிறார். புனிதா அப்படியே எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏன் நிறுத்தாம போனீங்க?" என்று கேட்டார் சீனுவாசன். குரலில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம் இருந்தது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பிரேக்கில் கால் வைத்து எடுத்ததையும் சொன்னாள்.

"நான் செத்துக் கெடந்திருந்தா?"

"தெரியலங்க" என்றாள்.

போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றார் ஒருவர். "நானே சொல்றேன்" என்று அவர்கள் முன்னாலேயே போன் செய்தாள். பிறகு சீனுவாசனின் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள். மணிக்கட்டு வீங்கி வளைந்திருந்தது.

"ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சே, ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகல?"

"மூட்டைய ரோட்டுல வுட்டுட்டு எங்கம்மா போறது? மச்சான் மினி வேன் எடுத்துக்கினு வர்றாரு."

"என் கார்ல வாங்க, உடனே போயிடலாம்."

சின்னபொண்ணு கணவனின் தோளை இறுக்கிப் பிடித்தாள். "அந்தக் காருல ஏத்தாதீங்க. அதப் பாத்தாலே ஒடம்பு ஒதறுது."

மினி வேன் வந்தது. புனிதா கார்ச் சாவியை டீக்கடைக்காரரிடம் கொடுத்து, போலீஸ் வந்தால் கொடுக்கச் சொன்னாள். பின்னால் மூட்டைகளுக்கு நடுவே ஏறி, சீனுவாசனின் கை குலுங்காமல் தன் மடியில் தாங்கிக்கொண்டாள். திண்டிவனத்தில் அவளுக்குத் தெரிந்த எலும்பு மருத்துவர் ஒருவர் காத்திருந்தார்.

எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. கைக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசியைப் புனிதாவே போட்டாள். ஊசி ஏறியதும் சீனுவாசன் கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"எவ்ளோ வேகத்துல வந்தீங்க?"

"நான் பாக்கலங்க."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

எலும்பு மருத்துவர் வேலையை ஆரம்பித்ததும் புனிதா ஒரு நிமிடம் வெளியே வந்தாள். சின்னபொண்ணு சுவரோரம் நின்றிருந்தாள். புனிதாவைக் கண்டதும் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு பொழச்சுக்கிச்சா?"

"பொழச்சுக்கிச்சு."

"கொழந்த?"

"நல்லா இருக்கு."

சின்னபொண்ணு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இவரு கையி? மறுபடி மம்முட்டி புடிச்சி மண்ணு வெட்ட முடியுமா?"

இருபது வருடமாகத் தியேட்டர் வாசலில் நின்றவர்கள் அத்தனை பேரிடமும் ஒன்றும் ஆகாது என்று சொல்லியே பழகிய வாய். இப்போது அந்த வார்த்தை வரவில்லை.

"இன்னும் தெரியலங்க" என்றாள் புனிதா. "உள்ள பண்ணிக்கினு இருக்காங்க. முடியற வரைக்கும் நான் அவரு பக்கத்துலயே இருக்கேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனாள்.