தண்ணீர் பட்டால் திறக்கும் காய்

மூன்றாவது மாடி வீட்டின் ஜன்னலோரத்தில் அந்தக் காய் இருந்தது. பட்டாணி அளவுகூட இல்லை. அதற்காக ஒரு மனிதன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்தான் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவனைத் தெருவில் ‘கல்லுச்செடி’ என்றுதான் கூப்பிட்டார்கள்.

செடியும் அப்படித்தான், பிளந்த கூழாங்கல் மாதிரி இரண்டே இலை. ஏதோ ஒரு பாலைவனத்தில் ஒரே ஒரு குன்றில் முளைக்கிற ரகம். அங்கே போய்ப் பிடுங்கி வந்து விற்கிறவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் அவன் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டான். எந்தச் செடியில் எடுத்த விதை என்று சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடிய ஒரு கிழவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினான். பிறகு அவரும் தோட்டத்தை மூடிவிட்டார். முளைத்ததில் பிழைத்தவை இரண்டு. ஒன்றின் மகரந்தம் மற்றதில் பட்டால்தான் காய்க்கும். இரண்டும் சேர்ந்து பூக்க வருஷக்கணக்கில் காத்திருந்து, தூரிகையால் தொட்டுவைத்து, ஒன்று வெம்பி உதிர்ந்தது போக மிஞ்சிய காய் இது.

இந்தக் காய்க்கு ஒரு குணம். வெயிலில் இறுக மூடிக் கிடக்கும். தண்ணீர் பட்டதும் மழை என்று நம்பி வாயைத் திறந்து விதையைக் கொட்டிவிடும்.

புருஷன் வீட்டில் இனி முடியாது என்று ஒரு பெட்டியோடு வந்திருந்த அக்காவுக்கு இது தெரியாது. அவன் சொல்லவும் இல்லை. தம்பிக்குப் பாரமாகிவிட்டோமே என்ற பயத்தில் அவள் நாள் முழுக்க எதையாவது துடைத்துக்கொண்டிருப்பாள். அன்று அவன் கடையிலிருந்து வந்தபோது வாளியில் தண்ணீர் கலங்கி நின்றது. ஜன்னலோரத்தில் தொட்டி பளபளத்தது. காய் நட்சத்திரம்போல் விரிந்து உள்ளே காலியாக இருந்தது.

“ஒரே தூசியா இருந்துச்சுடா. வாளிக்கு மேல பிடிச்சு லேசா கழுவினேன்” என்றாள்.

“உன் கை பட்டு எதுதான் விளங்கியிருக்கு?” என்று கேட்டுவிட்டான்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. அக்கா வாளியில் கொட்டிய விதையையாவது கண்ணாடி துடைக்கிற துணியில் வடிகட்டி எடுக்க முடிந்தது. இவன் கொட்டியது, அவள் புருஷனும் மாமியாரும் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவந்த அதே சொல். அவள் அழவில்லை. இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். அவன் மன்னிப்புக் கேட்டான். உள்ளதைத்தானே சொன்னாய் என்றாள்.

அந்தச் சொல்லை அழிக்க அவனுக்கு ஒரே வழிதான் தோன்றியது. தட்டில் மணல் பரப்பி, அவள் மாட்டேன் மாட்டேன் என்றும் விடாமல், அவள் கையாலேயே தூவ வைத்தான். பிளாஸ்டிக் மூடியைப் போட்ட பிறகுதான் செய்த காரியம் உறைத்தது. முளைக்காவிட்டால் அந்தச் சொல் உண்மையாகிவிடும். காய் போனதைவிட இது பெரிய பயமாக இருந்தது.

ஒரு வாரம் போயிற்று. மணல் மணலாகவே கிடந்தது. தினமும் விடிந்ததும், கையை முந்தானைக்குள் வைத்தபடி தட்டைப் பார்ப்பது அவள்தான். அந்த வாளியில் முன்னால் சோப்புத் தண்ணீர் இருந்தது என்று ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அதனால் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு, அவள் நகர்ந்ததும் மூடியைத் தூக்கி மணலை முகர்ந்து பார்த்தான். இன்னும் சில நாள் கழித்து அவள் ஏதோ பெண்கள் விடுதிக்குப் போன் செய்து இடம் இருக்கிறதா என்று கேட்பது காதில் விழுந்தது.

அன்று சாயங்காலம் அவள் குளிக்கப் போனதும் அலமாரியைத் திறந்து, விதைக் கடையில் வாங்கிய சாதாரணக் கல்லுச்செடி விதைப் பொட்டலம் ஒன்றை எடுத்தான். குஞ்சுச் செடியில் எது எந்த ரகம் என்று யாராலும் சொல்ல முடியாது. ரகம் கலந்த தட்டுக்குச் செடி வளர்க்கிறவர்களிடம் மதிப்பும் இல்லை. கலப்படக்காரர்களை வாய்க்கு வாய் திட்டுகிறவன் மூடியைத் தூக்கித் தட்டு முழுக்கத் தூவினான்.

மறுநாள் காலை அக்கா கூப்பிட்ட குரலில் அடித்துப்பிடித்து ஓடினான். மணலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சைப் புள்ளிகள். லென்ஸை வைத்துப் பார்த்தான். நேற்றுத் தூவிய விதை ஒரே ராத்திரியில் முளைக்காது. எல்லாம் அவள் போட்டவை. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவளை நம்பி இருந்திருக்கலாம். இனி முளைத்து வருவதில் எது குன்றுச் செடி, எது கடைச் செடி என்று அவனுக்கே தெரியாது.

“இன்னும் வருமாடா?”

“வரும்க்கா. நிறைய வரும்.”

“எல்லாம் நான் போட்டதுதானே?”

அவன் லென்ஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். “எல்லாம் நீ போட்டதுதான்” என்றான்.

அவள் முந்தானையிலிருந்து கையை எடுத்து, தண்ணீர் தெளிக்கிற பாட்டிலைக் கேட்டாள்.