பொன்னாடைக்கு அலறிய பெட்டி

பரவை மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் விருமாண்டியின் மகள் தாமரைச்செல்வி, ‘கிறுகிறுப்பு’ என்ற சைகடெலிக் ராக் குழுவில் தெரமின் வாசிக்கிறாள். அந்த இசையைக் கேட்டால் அவருக்கு நிஜமாகவே தலை கிறுகிறுக்கும். அதற்காகப் பெருமை குறைந்துவிடுமா என்ன?

தெரமின் என்பது ஒரு மரப்பெட்டி. மேலே நிமிர்ந்து ஒரு கம்பி, பக்கத்தில் வளைந்து ஒரு கம்பி. எதையும் தொடக் கூடாது. கம்பியருகே கை நெருங்க நெருங்கச் சுருதி ஏறும், விலகினால் இறங்கும். திருநகர் வீட்டு மொட்டை மாடியில் ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டி அவளே செய்தது.

வியாபாரிகள் சங்க ஆண்டு விழாவில் அந்தக் குழுவை மேடையேற்றியவர் விருமாண்டிதான். முதல் பாட்டு பாதி போவதற்குள் கூட்டத்தில் சிரிப்பு கிளம்பிவிட்டது. பக்கத்து நாற்காலியில் இருந்த வெங்காயக் கடை பேச்சிமுத்து குனிந்து, “மாப்ள, செல்லுல பாட்டப் போட்டுட்டு உம் மக சும்மா கைய ஆட்டுதோ?” என்றார்.

விருமாண்டிக்குச் சுருக்கென்றது. பாட்டு நன்றாக இல்லை என்றிருந்தால் பொறுத்திருப்பார். ஒரு பொய் எடை போடாமல் முப்பது வருஷம் மண்டி நடத்தியவரின் மகள் ஊரை ஏமாற்றுகிறாளாமா? விழா முடிவில் மகளுக்குப் போர்த்த வைத்திருந்த பொன்னாடையைத் தூக்கிக்கொண்டு மேடையேறிவிட்டார். பாட்டு முடியட்டும் என்று காத்திருக்கும் வழக்கமெல்லாம் நம் ஊர் மேடைகளில் ஏது?

பொன்னாடையை விரித்தபடி அவர் நெருங்கவும் பெட்டி வீலென்று அலறியது. கூட்டம் கப்சிப். கெடுத்துவிட்டோமே என்று பதறிப் பின்வாங்கினார். அலறல் முனகலாக இறங்கியது. மறுபடி ஓரடி வைத்தார், ஏறியது.

தாமரைச்செல்வி தன் கைகளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். “அப்பா, நிக்காதீங்க. இப்படியே வந்து வந்து போங்க.”

வந்தார், போனார். டிரம்ஸ் வாசித்த சுபலட்சுமி அவர் நடைக்குத் தாளம் போட, கிடாரும் சேர்ந்துகொண்டது. கீழே விசில் பறந்தது. விருமாண்டிக்கு நெஞ்சு கொள்ளவில்லை. மைக்கை எட்டிப் பிடித்தார்.

“மாப்ள பேச்சிமுத்து, மேல வா. எம் மக எந்தச் செல்லுல பாட்டப் போட்டிருக்குன்னு நீயே நடந்து பாரு.”

பேச்சிமுத்து வந்தார். நடந்து பார்த்தார். பெட்டி அவருக்கும் அலறியது. உடனே விருமாண்டி கையிலிருந்த பொன்னாடையை வாங்கிக்கொண்டார்.

“இத நாந்தேன் போத்தணும்” என்றார்.

பெட்டி அலற அலறப் போர்த்தினார்.