குஸ்குஸில் கலந்த எழுத்துகள்

லாமினுக்குக் கை சும்மா இருக்காது. நல்ல மனிதன், பெண்டாட்டி மேல் உயிரையே வைத்திருப்பவன், எல்லாம் சரி. ஆனால் வாய் பேசினால் அவன் கையும் கூடவே பேசும். அன்று காலை அந்தக் கையில் தேநீர் டம்ளர் இருந்தது. "இன்னிக்கு நீ ஜெயிக்கிற பாரு!" என்று மனைவியை வாழ்த்தி ஒரு வீச்சு வீசினான். பாகு மாதிரி காய்ச்சிய தேநீர், மேலே மிதந்த பாதாம் பருப்போடு, நஸீஹாவின் கீபோர்டில் போய் இறங்கியது.

நஸீஹா கத்தவில்லை. கத்தித் தொலைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. கண் கலங்கி நின்றாள், அதுதான் லாமினுக்குத் தாங்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு அவளுக்குத் தேர்வு. தலைநகர் துனிஸில் ஒரு நிறுவனம், காது கேளாதவர்களுக்காகத் தொலைக்காட்சியில் பேசுவதை உடனுக்குடன் எழுத்தாக்கித் திரையின் அடியில் ஓடவிடுகிறது. வீட்டிலிருந்தே செய்கிற வேலை. அவர்கள் அரபியிலும் பிரெஞ்சிலும் பேசப் பேச இவள் டைப் அடித்துக் காட்ட வேண்டும். கல்யாணமாகி இந்த ஸ்ஃபாக்ஸ் ஊருக்கு வந்ததிலிருந்து நஸீஹா அடுத்தவர்களின் ஆய்வேடுகளைத்தான் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பட்டம் அவர்களுக்கு, கழுத்துவலி இவளுக்கு. இந்த வேலை கிடைத்தால் தன் வாழ்க்கையே வேறு என்று அவள் நம்பினாள். அப்படியொரு ஆசை.

துடைத்துப் பார்த்தாள். மதியத்துக்குள் சர்க்கரை காய்ந்து, எழுத்துகள் அமுங்கினால் எழ மாட்டேன் என்று அடம்பிடித்தன. ஒன்றைத் தட்டினால் திரை முழுக்க அதுவே ஓடியது. புதிதாக ஒன்று வாங்கி வருகிறேன் என்று ஓடிய லாமின், வெறுங்கையோடு வியர்த்து விறுவிறுத்துத் திரும்பினான்.

"ஆகஸ்ட்டு மாசம் பாரு, மத்தியானத்தோட எல்லாக் கடையும் சாத்தியாச்சு. கம்ப்யூட்டர் கடைக்காரன் குடும்பத்தோட கடலுக்குப் போயிட்டானாம். அவன் தலையில இடி விழ!"

"அவன் என்னங்க பண்ணுவான்? டீயை ஊத்துனது அவனா?" என்றாள் நஸீஹா.

அந்த நேரத்தில்தான் பெஷிரா மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தாள். லாமினின் அண்ணன் மனைவி. கீழ் வீட்டில் இருப்பவள். காலையிலிருந்து இரண்டு அண்டை வீட்டுப் பெண்களோடு அங்கே உட்கார்ந்து, ரவையில் தண்ணீர் தெளித்துக் குறுமணிகளாக உருட்டி, வருஷத்துக்கான குஸ்குஸைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முழங்கை வரை ரவை. கீபோர்டைப் பார்த்தாள், நஸீஹாவைப் பார்த்தாள்.

"அழுதா சுத்தமாயிடுமா? கழட்டுடி எல்லாத்தையும்."

"கழட்டலாமாக்கா?"

"பானையக் கழுவுறோம், சட்டியக் கழுவுறோம். இது என்ன, சுல்தான் தலைக் கிரீடமா?"

ஸ்பூன் காம்பை அடியில் விட்டு நெம்பினார்கள். எழுத்து பொறித்த மூடிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. ஒன்று லாமினின் சட்டைப்பைக்குள்ளேயே போய் விழுந்தது. எல்லாம் கழன்ற பிறகு உள்ளே பார்த்தால், ஐயோ, அந்த அலங்கோலத்தை என்ன சொல்ல! ரொட்டித்துகள், சூரியகாந்தி விதைத் தோல், தலைமுடி, காய்ந்த மிளகாய் விழுது, போன ரமலானில் ஒட்டிக்கொண்ட பேரீச்சை.

"இதுக்குள்ள ஒரு கல்யாணப் பந்தியே நடந்திருக்கு" என்றாள் பெஷிரா. "எனக்குத்தான் அழைப்பு வரல."

நஸீஹாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. பலகையைக் கவிழ்த்துத் தட்டினார்கள். தண்ணீர் பட்டால் மின்சாரப் பகுதி போய்விடும், ஸ்பிரிட் வேண்டும் என்றாள் நஸீஹா. மருந்துக்கடையும் சாத்தியிருந்தது. பெஷிரா தன் புருஷனின் சென்ட் பாட்டிலைக் கொண்டுவந்தாள். பெருநாளைக்கு மட்டும் இரண்டு சொட்டுப் பூசிக்கொள்வாராம் மனிதர். பஞ்சில் நனைத்து மூலை முடுக்கெல்லாம் துடைத்ததில் பாட்டில் பாதியானது, அறை முழுக்க மாப்பிள்ளை வாசம் வீசியது.

கழன்ற எழுத்துகளைச் சல்லடையில் போட்டுச் சோப்பு நுரையில் குலுக்கிக் கழுவினார்கள். பளபளவென்று வந்தன. ஆனால் ஈரம்.

"மாடிக்குக் கொண்டா. இந்த வெயில்ல கடல்ல பிடிச்ச பேய்க்கணவாயே காஞ்சு கட்டையாயிடுது, இது எம்மாத்திரம்!"

குஸ்குஸ் காயும் வெள்ளை விரிப்பின் ஒரு மூலையில் எழுத்துகளைப் பரப்பினாள் பெஷிரா. வேறு எங்கே பரப்புவாள்? மாடியிலேயே சுத்தமான இடம் அதுதான். நஸீஹா சுவரோரம் உட்கார்ந்து, தேர்வில் என்ன கேட்பார்களோ என்று உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் முடிகிற சமயத்தில் அந்த ஊருக்கு ஒரு மழை வரும். கதிரடிக்கும் களத்தைக் கழுவ வருகிற மழை என்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வரும், கொட்டும், போய்விடும். குஸ்குஸ் மேல் அது விழுந்தால் வருஷத்துச் சாப்பாடு கூழ். அதனால் முதல் சொட்டு மூக்கில் விழுந்ததும் அந்த ஊர்ப் பெண்களுக்குப் புத்தி வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும். "மழை!" என்று ஒருத்தி அலறினாள். ஆளுக்கொரு மூலையைப் பிடித்துச் சுருட்டித் தூக்கி, படிக்கட்டு அறைக்குள் ஓடி, பெரிய தாம்பாளத்தில் மொத்தமாகக் கவிழ்த்தார்கள். நாலாவது மூலையைப் பிடித்து ஓடியவள் வேறு யாருமில்லை, நஸீஹாவேதான்.

கவிழ்த்த பிறகுதான் உறைத்தது.

"அக்கா... என் எழுத்தெல்லாம்?"

குஸ்குஸ் குன்றின் உச்சியில் ஒரே ஒரு எழுத்து மட்டும் எட்டிப் பார்த்தது. மற்றதெல்லாம் உள்ளே.

பெஷிரா குன்றை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். அப்புறம் இடுப்பில் கை வைத்தாள். "குஸ்குஸ் பண்ற வீட்டுல சல்லடைக்கா பஞ்சம்? எடுங்கடி பெரிய கண்ணு சல்லடையை!"

சலித்தார்கள். குஸ்குஸ் கீழே இறங்கியது, எழுத்துகள் மேலே நின்று பொரி மாதிரி துள்ளின. கதவுக்கு வெளியே மழை அடிக்க, உள்ளே நாலு பெண்களும் சிரித்துக் குலுங்கி ரவைப் புழுதியில் முடியெல்லாம் நரைத்துப் போனார்கள். "இந்தா ஒண்ணு!" "எனக்கு ரெண்டு!" "அடியே, இது கொண்டைக்கடலைடி!" ஒன்றுவிடாமல் கிடைத்தன. கடிகாரத்தைப் பார்த்தால் நாலரை தாண்டியிருந்தது.

நஸீஹாவுக்குத் தலையை உதறி, முகம் கழுவி, உடை மாற்ற வேண்டும். கேமராவில் முகம் தெரியுமே. "நீ போய்த் தயாராகு, நான் மாட்டி வைக்கிறேன்" என்றான் லாமின். காலையில் செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடிக்கொண்டிருந்தான் பாவம். அவசரத்தில் அவளும் தலையாட்டிவிட்டாள். அங்கேதான் காரியம் கெட்டது.

திரும்பி வந்து பார்த்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அலிஃப், பா, தா என்று அரபி எழுத்துகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன.

"யோவ்! என்னய்யா இது?"

"எது எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல" என்றான் லாமின் பெருமையோடு. "அதான் அகரவரிசையில அடுக்கிட்டேன். முன்ன இருந்ததைவிட எவ்வளவு நல்லா இருக்கு பாரு!"

லாமின் வாழ்நாளில் எதையும் தட்டி எழுதியவன் இல்லை. ஃபோனில்கூடக் குரலைப் பதிந்துதான் அனுப்புவான். கழற்றும் முன் ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒரு தலைக்கும் தோன்றவில்லை.

ஐந்து மணிக்கு மூன்று நிமிஷம். எல்லாவற்றையும் மாற்ற நேரமில்லை. நஸீஹா இரண்டே இரண்டைப் பிடுங்கினாள். ஆள்காட்டி விரல்கள் தடவி இடம் கண்டுகொள்ள மேலே சின்ன மேடு வைத்த எழுத்துகள் அவை. அந்த இரண்டையும் அவற்றின் இடத்தில் அழுத்தினாள். எழுத்து எப்படி இருந்தாலென்ன, அடியில் இருக்கிற பொத்தான் பழைய பொத்தான்தானே.

"கீழ பாத்தேன்னா தொலைஞ்சேன்க்கா. பாக்காம என்னால முடியுமான்னு தெரியல."

"பாக்காத!" என்று பெஷிரா தன் தலைத்துணியை அவிழ்த்து, கீபோர்டையும் அதன் மேலிருந்த இரண்டு கைகளையும் சேர்த்து மூடிவிட்டு, லாமினைத் தரதரவென்று வெளியே இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

திரையில் தேர்வு நடத்துகிற ஆஸ்யா என்கிற பெண் வந்தாள். கண்ணாடி, இறுகிய உதடு. வணக்கம்கூட அளந்துதான் சொன்னாள். செய்தி ஓடியது, பிறகு பிரெஞ்சில் ஒரு பேட்டி, பிறகு இரண்டு பேர் ஒரே நேரத்தில் சண்டைபோடும் விவாதம். நஸீஹா திரையையே பார்த்தாள். முதல் வரி தயங்கித் தயங்கி வந்தது. இரண்டாவது வரியில் விரல்கள் தாமாகவே ஓடின. சுத்தமான பொத்தான்கள் வெண்ணெய் மாதிரி இறங்கின. இத்தனை வருஷமாகத் தன் விரல்களுக்கு இவ்வளவு தெரியும் என்று அவளுக்குத் தெரியாமல் போயிற்றே! சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது.

முடிந்ததும் ஆஸ்யா கண்ணைச் சுருக்கினாள்.

"கையை ஏன் மூடி வச்சிருக்கீங்க? துணியை எடுங்க. கேமராவைக் கீழ திருப்புங்க."

போச்சு, ஏமாற்றினதாக நினைத்துவிட்டாள். துணியை விலக்கிக் கேமராவைக் கீழே திருப்பினாள் நஸீஹா.

ஆஸ்யா முன்னால் குனிந்து பார்த்தாள். "இது எந்த நாட்டுக் கீபோர்டும்மா?"

மறைக்க என்ன இருக்கிறது? தேநீர், சென்ட், மழை, சல்லடை, புருஷன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள் நஸீஹா. இறுகிய உதடு முதலில் கோணியது, பிறகு பிளந்தது. ஆஸ்யா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"அப்ப இவ்வளவும் பாக்காமலேயா அடிச்சீங்க?"

"பாத்திருந்தா ஒரு வரி அடிச்சிருக்க மாட்டேன் மேடம்."

கதவுக்கு வெளியே காதை ஒட்டி வைத்திருந்த பெஷிராவுக்குச் சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அது போதாதா? குலவையிட்டாள். மாடியிலிருந்த இரண்டு பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். எதிர்வீடு, பக்கத்துவீடு என்று தெருவே எடுத்துக்கொண்டது. அந்த ஊரில் குலவை கேட்டால் எதற்கென்று யாரும் விசாரிப்பதில்லை, முதலில் தாங்களும் போடுவார்கள்.

"அங்க என்ன சத்தம்?" என்றாள் ஆஸ்யா.

நஸீஹாவுக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. "மன்னிச்சுக்குங்க மேடம். எங்க வீட்டுல... முடிவு சொல்லியாச்சுன்னு நெனச்சுட்டாங்க."

"குலவை போட்டதுக்கப்புறம் இல்லைன்னு சொல்ற பழக்கம் எங்க குடும்பத்துல கிடையாதும்மா" என்றாள் ஆஸ்யா. பிறகு குரல் கனிந்தது. "பயப்படாதீங்க, நீங்க துணியை எடுக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். நீங்க எழுதினதுல ஒரு தப்பு இல்ல. திங்கக்கிழமை வேலையைத் தொடங்குங்க."

நஸீஹா நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். நன்றி போதாது என்று தோன்றியது. எழுந்து கதவைத் திறந்து, பெஷிராவின் தோளைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் குலவையிட்டாள். அன்று அந்தத் தெருவில் அவளைவிட உரக்க யாரும் போடவில்லை.