மக்பூல் சேரின் திருத்தம்

“எங்கட வாப்பா யாருக்காச்சும் ஏதும் குடுக்க இருந்தா என்னட்ட வந்து சொல்லுங்க. யார்ட மனசையாச்சும் நோகடிச்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க.”

றிஸ்மின் குசினி அடுப்படிச் சுவரைப் பார்த்துக்கொண்டு இதை மூன்றாம் தரமாகச் சொல்லிப் பார்த்தான். பின்னேரம் அசர் தொழுகை முடிந்ததும், வாப்பாவை அடக்குவதற்கு முந்திய ஜனாஸாத் தொழுகை. அதற்கு முன்னால் மகன் எழுந்து நின்று பள்ளிவாசலில் கூடியிருப்பவர்களிடம் இப்படிக் கேட்க வேண்டும். முதல் இரண்டு தரமும் பாதியில் குரல் உடைந்துவிட்டது. மூன்றாம் தரம் எப்படியோ கடைசி வரைக்கும் வந்துவிட்டான்.

அவனுடைய தங்கை ஸஃப்னா குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நானா, இன்னொன்டும் சொல்லோணும்.”

“என்ன?”

“வாப்பா எழுதின கட்டுரையில ஒரு பிழை இரிக்கி என்டு சொல்லோணும்.”

தூக்கமில்லாமல் பிதற்றுகிறாளோ என்று றிஸ்மின் அவள் முகத்தைப் பார்த்தான். முன்னறையில் பெண்கள் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். அங்கேதான் அவர்களுடைய வாப்பா மக்பூல் கிடத்தப்பட்டிருந்தார். காலையில் சுபஹு தொழுதுவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர், பிறகு எழும்பவில்லை. அறுபத்திரண்டு வயது.

முப்பது வருடம் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டிட நிர்மாணம் படிப்பித்தவர் அவர். கல்யாண வீடோ மௌத்து வீடோ, எந்த வீட்டுக்குப் போனாலும் ஸலாம் சொன்ன கையோடு சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். சத்தம் பிடிக்காவிட்டால் முகம் சுருங்கும். வீட்டுக்காரருக்குச் சோறு இறங்காது. இன்றைக்கு வந்திருந்த மேசன்மாரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். மையித்தைப் பார்த்துவிட்டு வெளியே போகும்போது அவர்களில் இரண்டு பேர் தம்மை அறியாமலே விறாந்தைச் சுவரைத் தட்டிவிட்டுப் போனதை ஸஃப்னா கண்டாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது.

“ஒனக்கு விசரா?” என்றான் றிஸ்மின். “மையித்த முன்னால வெச்சிக்கொண்டு வாப்பாட பிழைய ஊருக்குச் சொல்றதா? மௌத்தான ஆளப் பத்தி நல்லதத்தான் கதைக்கோணும்.”

“இது நல்லதுதான் நானா.”

அந்தக் கட்டுரை அவனுக்கும் தெரியும். இந்த வீட்டில் அதைத் தெரியாதவர் யார்? ஏழு வருடத்துக்கு முன்னர், ஐம்பத்தைந்தாவது வயதில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக மக்பூல் அதை ஆங்கிலத்தில் எழுதினார். கட்டிட நிர்மாணக் கல்விக்கும் ஆய்வுக்குமென்று வெளிவரும் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். இரண்டு தடவை திரும்பி வந்தது. இரண்டாம் தடவை, பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் பத்தொன்பது கேள்வி கேட்டிருந்தார். மக்பூல் கோபப்படவில்லை. ஒரு கொப்பி வாங்கி, பத்தொன்பதுக்கும் இலக்கமிட்டுப் பதில் எழுதினார். கட்டுரை அச்சில் வந்தபோது முதல் ஆசிரியர் அவர், இரண்டாம் ஆசிரியர் மகள். கல்லூரி அதன் முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியது. பட்டம் பெறாத ஒரு போதனாசிரியருக்கு அது சின்ன விஷயமில்லை. அவருடைய பெயர் அச்சேறியது அந்த ஒரே தடவைதான்.

கட்டுரை சொன்னது இதைத்தான்: கடலோடு சேர்ந்த உப்புக் களப்பிலிருந்து அள்ளும் மணலை நல்ல தண்ணீரில் ஒரு தடவை கழுவினால் போதும், அதில் வார்த்த கொங்கிறீட்டில் இரும்புக் கம்பி ஆற்று மணலில் வார்த்ததைவிட அதிகமாகத் துருப்பிடிக்காது. ஆற்று மணலுக்கு அலைகிற ஊருக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன? மாணவர்களின் பாடக் கையேட்டிலும் அந்த அட்டவணை ஏறியது.

“வாப்பா ஒரு பிழையும் செஞ்சிருக்க மாட்டாரு,” என்றான் றிஸ்மின். குரலில் சண்டைக்கு வருகிற தொனி இருந்தது.

“ஓம். அவரு செய்யல்ல. நான்தான் செஞ்சன்.”

அவள் சொல்லத் தொடங்கினாள். அந்த வருடம் கடும் வரட்சி. குழாய்த் தண்ணீர் நின்று, கல்லூரிக்குப் பவுசர் லொறியில்தான் தண்ணீர் வந்தது. வந்த நாளில் வந்தது. ஆற்று மணலில் கம்பி வைத்து வார்த்த சோதனைக் கொங்கிறீட் கியூப்கள் ஒரு தொட்டியில், களப்பு மணலில் வார்த்தவை மற்றத் தொட்டியில். இரண்டும் நல்ல தண்ணீரில் ஊற வேண்டும். பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்திருந்த ஸஃப்னாவிடம் தொட்டிகளின் பொறுப்பை வாப்பா கொடுத்திருந்தார். ஆற்று மணல் தொட்டி வற்றிக் கிடந்த ஒரு நாள் பவுசர் வரவில்லை. அன்றைக்குப் பார்த்துக் கூட்டாளி இல்மாவின் கல்யாணம். கல்லூரியில் வேலை செய்த மனிதரிடம், கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றச் சொல்லிவிட்டு ஸஃப்னா ஓடிவிட்டாள். களப்புக்குப் பக்கத்துக் கிணறு. அதில் முகம் கழுவினால் உதடு கரிக்கும். கொஞ்சம் என்றதை அந்த மனிதர் தொட்டி நிறைய ஊற்றிவிட்டார்.

ஆறு மாதத்துக்குப் பிறகு உடைத்துப் பார்த்தபோது இரண்டிலும் கம்பி ஏறக்குறைய ஒரே அளவில் துருப்பிடித்திருந்தது. பிடிக்காதா பின்னே? நல்ல மணலுக்கும் உப்புத் தண்ணீரைக் காட்டியாயிற்றே. மக்பூல் அந்த எண்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

“மகள், தண்ணி சரிதானே?”

“ஓம் வாப்பா.”

இரண்டே சொல். அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவில்லை. கட்டுரையை எழுத உட்கார்ந்துவிட்டார்.

போன மாரி முடிந்த பிறகு, வீட்டுப் பூச்சட்டிகளுக்கு முட்டுக் கொடுத்திருந்த பழைய கியூப்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதை மக்பூல் கண்டார். உடைக்காமல் மிஞ்சிய ஆற்று மணல் கியூப்கள் அவை. அவற்றில் உப்புப் பூக்கவே கூடாது. ஒன்றைப் பிளந்து கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். நடு வரைக்கும் உப்பு. வீட்டுக்கு வந்ததும் ஆய்விதழுக்குத் திருத்தக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அந்தத் தொட்டியின் தண்ணீரைச் சோதிக்காமல் விட்டது முதல் ஆசிரியரின் தவறு. ஆகவே இரண்டாம் அட்டவணையையும் கட்டுரையின் முடிவையும் வாசகர்கள் நம்ப வேண்டாம். இதுதான் கடிதத்தின் சாரம். ஸஃப்னாவின் பெயர் கையொப்பம் போடும் இடத்தில் மட்டும் இருந்தது. இரண்டு ஆசிரியர்களும் கையொப்பமிடாமல் அந்த இதழ் திருத்தம் போடாது.

ஸஃப்னா இப்போது பல்கலைக்கழகம் ஒன்றில் விரிவுரையாளர். பதவி உயர்வுக்கான நேர்முகம் அடுத்த மாதம். அங்கே பெரிதாகக் காட்ட அவளிடம் இருந்தது அந்தக் கட்டுரைதான். கடிதத்தை வாப்பா அவளிடம் காட்டி மூன்று மாதமாகிறது. “நேர்முகம் முடியட்டும் வாப்பா,” என்று ஒரு தடவை சொன்னாள். “சரி மகள்,” என்றார். அவ்வளவுதான்.

“இப்ப அது பிழை என்டு போட்டா ஒனக்கு என்ன நடக்கும்?” என்றான் றிஸ்மின்.

“பதவி கிடைக்காது. விசாரணையும் வரும்.”

“அப்ப வாய மூடிக்கொண்டு இரி. வாப்பாட பேரும் கெடாது, ஒன்டயும் கெடாது. யாருக்குத் தெரியும்?”

“அவருக்குத் தெரியும்,” என்று ஒரு குரல் கேட்டது.

உம்மா நஃபீஸா வந்து நின்றிருந்தாள். காலையில் யாரோ உடுத்திவிட்ட வெள்ளைச் சேலை தோளில் நில்லாமல் நழுவிக்கொண்டிருந்தது.

“என்ன உம்மா தெரியும்?” என்றாள் ஸஃப்னா.

“கிணத்துத் தண்ணி ஊத்தச் சொன்னது நீ என்டு. அந்த வேலைக்கார மனிசன் இப்ப எலுவன்குளத்துல இரிக்காரு. தேடிப் போய்க் கேட்டுட்டு வந்தாரு ஒங்கட வாப்பா. அன்டைக்கே எனக்குச் சொல்லிட்டாரு.”

“பிறகு ஏன் என்னட்டக் கேக்கல்ல?”

“நானும் அதத்தான் கேட்டன். ‘ஒருக்கா கேட்டன், பதில் சொல்லிட்டா. திரும்பக் கேட்டா பிள்ளையப் பொய்க்காரியாக்கின மாதிரிப் போயிரும்’ என்டாரு. ‘கையெழுத்து அவள்ட. அவ போடுவா’ என்டாரு.”

“போடாட்டி?”

“அதையும் கேட்டன். ‘அவ போடுவா’ என்டுதான் சொன்னாரு.”

வாப்பா வெறுத்திருந்தால்கூட ஸஃப்னா தாங்கியிருப்பாள். மூன்று மாதம் ஒரே வீட்டில் வார இறுதிகளில் ஒன்றாகச் சோறு தின்று, எல்லாம் தெரிந்துகொண்டு, ஒரு முகச்சுளிப்புமில்லாமல் அவர் காத்திருந்திருக்கிறார்.

அவள் வாப்பாவின் அறைக்குப் போனாள். கடிதம் மேசையில்தான் கிடந்தது. அதில் ஒரு வரி சேர்க்க நினைத்தாள். வாப்பா கையொப்பமிட்ட தாளில் ஓர் எழுத்தை மாற்றவும் கை ஓடவில்லை. அவருடைய பெயருக்குக் கீழே தன் கையொப்பத்தைப் போட்டாள். பிறகு தன் பெயரில் தனியாக ஒரு கடிதம் எழுதினாள். தொட்டிக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றச் சொன்னவர் இரண்டாம் ஆசிரியர். முதல் ஆசிரியர் கேட்டபோது அவர் உண்மை சொல்லவில்லை. முதல் ஆசிரியர் இன்று காலை காலமானார். இந்தத் திருத்தத்தை மூன்று மாதத்துக்கு முன்பே அவர் எழுதிவிட்டார். தாமதம் என்னுடையது.

முன்னறையில் ஆண்களின் கலிமாச் சத்தம் உயர்ந்தது. மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்குகிறார்கள். அவள் இரண்டு தாளையும் படமெடுத்து இதழின் முகவரிக்கு அனுப்பினாள். அனுப்பியாயிற்று என்று திரையில் வந்ததும் வாசலுக்கு ஓடினாள். சந்தூக் வீதிக்கு ஏறிவிட்டது. தோள் மாறித் தோள் மாறி அது போவது மட்டும் தெரிந்தது. பெண்கள் வாசலோடு நின்றார்கள்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. றிஸ்மினின் முழங்கால் வரைக்கும் கபுறு மண். நேரே அவளிடம் வந்தான்.

“சொன்னன்,” என்றான்.

“என்னண்டு?”

“களப்பு மண்ணப் பத்தி எங்கட வாப்பா எழுதினதுல பிழை இரிக்கி, அவரே கண்டுபிடிச்சி அவரே திருத்தி எழுதி வெச்சிரிக்காரு என்டன். அத நம்பி இனி யாரும் கம்பி போட்டு வாக்க வாணாம், வாத்தவங்க மன்னிச்சிக்கோங்க என்டன்.” அவன் நிலத்தைப் பார்த்தான். “ஒன்ட பேரச் சொல்ல வாய் வரல்ல. எங்கட வீட்டால வந்த பிழை என்டு மட்டும் சொன்னன்.”

“ஆக்கள் என்ன சொன்னாங்க?”

“ஆளையாள் திரும்பிப் பாத்தாங்க. பிறகு பின்னால இருந்து ஒராள் ‘மன்னிச்சிட்டம்’ என்டாரு. பிறகு முழுப் பள்ளியும் சொல்லிச்சி.” அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “நான் வெக்கப்படுவன் என்டு நெனச்சன் தங்கச்சி. வாப்பா அந்த நேரம் எனக்குப் பெரிய ஆளாத் தெரிஞ்சாரு.”

ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். முற்றத்தில் ஒருவர் மட்டும் நின்றார். முந்தல் ஊர்க் கில்பட். மக்பூலிடம் படித்தவர், இறால் பண்ணைகளுக்கும் தென்னந்தோட்டங்களுக்கும் கொங்கிறீட் வேலித் தூண் வார்த்துக் கொடுப்பவர். பள்ளிக்கு வெளியே நின்று ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

“தங்கச்சி, நாலு வருசமா அந்த மண்ணுலதான் தூண் வாத்தன்,” என்றார்.

“மன்னிச்சிக்கோங்க அண்ணன்.”

“அதுக்குச் சொல்லல்ல. சேர் ரெண்டு மாசத்துக்கு முந்தி பஸ்ஸுல வந்து நிப்பாட்டச் சொன்னாரு. ஏன் என்டு கேட்டன். ‘இன்னொராள்ட கையெழுத்து வரோணும், வந்த பிறகு சொல்றன்’ என்டாரு. சேர் சொன்னா சரிதானே, நிப்பாட்டிட்டன்.” கொஞ்சம் தயங்கினார். “இப்ப சொல்லுங்களேன். அந்த மண்ண எத்தின தரம் கழுவினாச் சரி?”

ஸஃப்னா வாயைத் திறந்தாள். ஏதாவது ஓர் எண்ணைச் சொன்னால் இந்த மனிதர் நம்பிக்கொண்டு போய்விடுவார்.

“தெரியா அண்ணன்,” என்றாள். “முதல்ல இருந்து திரும்பச் செஞ்சி பாத்தாத்தான் தெரியும்.”

“பாப்பீங்களா?”

“ஓம்.”

“அப்ப மண் என்ட பொறுப்பு. எத்தின சாக்கு?” கில்பட் கைத்தொலைபேசியை எடுத்தார்.

“களப்பு மண் பத்து. ஆத்து மண் ஆறு.”

“எப்ப?”

“ஏழாம் நாள் கத்தம் ஓதி முடியட்டும்.”

அவர் குறித்துக்கொண்டார். “தண்ணிக்கு பவுசர் ஒன்டு சொல்லிவிடுறன். எங்கட ஆக்கள்தான். நீங்க நிக்கத் தேவயில்ல, அவங்களே தொட்டியில ஊத்திட்டுப் போவாங்க.”

“பவுசர் வரட்டும்,” என்றாள் ஸஃப்னா. “தண்ணி நானே ஊத்துவன்.”

கில்பட் அதையும் குறித்துக்கொண்டார்.